கடை வாசலில் அடுத்தவர் குப்பை, கையில் உங்கள் பெயரில் அறிவித்தல்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகி எழுதியிருக்கிறார். வாடகைக் கட்டடம், ஆறு வருட வியாபாரம், மூன்று பணியாளர். மதியம் ஏறக்குறைய 120 சாப்பாட்டுப் பார்சல், மாலையில் இடியப்பமும் தோசையும். எதிரே ஒரு தொடர்மாடி. இரவில் யாரோ குப்பைப் பைகளைக் கொண்டுவந்து கடையின் பக்கச் சுவரோரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் காகமும் நாயும் பிய்த்த பைகளைக் கூட்டி அள்ளிய பிறகுதான் கடை திறக்க முடிகிறது. கடை முன்னால் ஓடும் கானில் தண்ணீர் நகர்வதில்லை. மழை பெய்தால் நாற்றம் மேசை வரை வருகிறது.

இந்த நிலையில் ஒரு காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து, அடுக்களையையும் பின்புறத்தையும் பார்த்து, சிங்களத்தில் எழுதிய அறிவித்தலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 14 நாளுக்குள் குறைகளைத் திருத்தாவிட்டால் வழக்கு. பக்கத்துக் கடைத் தம்பி அதைப் பார்த்து, “குப்பைக்கும் கழிவுத் தண்ணிக்கும் எழுதியிருக்கு அக்கா” என்று சொன்னாராம். வாசகி கேட்கிறார்: வீட்டுக்காரர் சோலைவரி கட்டுகிறார், நான் லைசன்ஸ் காசு கட்டுகிறேன், பிறகு ஊரார் குப்பைக்கு நான் எப்படிப் பொறுப்பு? சொல்லாமல் கொள்ளாமல் அடுக்களைக்குள் வர அவருக்கு உரிமை உண்டா? சிங்களத்தில் மட்டும் தந்த கடிதம் செல்லுமா? “ஆட்களைத் தெரியும், 15,000 தந்தால் முடித்துத் தருகிறேன்” என்று வெளியாள் ஒருவர் சொல்கிறார், கொடுத்துவிடலாமா? நான் முறைப்பாடு செய்தால் அடுத்த வருடம் லைசன்ஸ் புதுப்பிக்க விடுவார்களா? மாநகர சபை மீதே வழக்குப் போட முடியாதா?

அன்புள்ள சகோதரி,

அறிவித்தலைப் படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பியது நல்லதாயிற்று. அதை முழுவதும் வாசித்தேன். அதில் ஐந்து குறைகள் இருக்கின்றன. பின்புறக் குப்பை வாளிகளுக்கு மூடி இல்லை. அடுக்களைக் கழிவுநீர் மழைநீர்க் கானுக்குள் போகிறது. கழுவும் தொட்டிக்குக் கிரீஸ் ட்ராப், அதாவது கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துத் தடுக்கும் பெட்டி, இல்லை. இரண்டு பணியாளருக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லை. பின்புறத்தில் தேங்காய்ச் சிரட்டைகளிலும் வெற்று டின்களிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சுவரோரக் குப்பையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் இத்தனை நாளாகக் கோபப்படுவது ஒழுங்கைக் குப்பைக்காக. அறிவித்தல் வந்திருப்பதோ உங்கள் கட்டடத்துக்குள் இருப்பவற்றுக்காக. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, “எதிர்மாடிக்காரரை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கிறீர்களே” என்று பதில் எழுதினால், ஐந்து குறைகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லாதவராக நீங்கள் நீதவான் முன் நிற்பீர்கள். அறிவித்தலுக்கான பதில் ஒரு கடிதம். குப்பைக்கும் கானுக்குமான முறைப்பாடு இன்னொரு கடிதம். வேறு திகதி, வேறு தலைப்பு, வேறு கோப்பு. முதற்கடிதம் போன பிறகுதான் இரண்டாவது போக வேண்டும்.

அறிவித்தலின் மொழி

தமிழில் இல்லை என்பதால் அது செல்லாமல் போகாது. 14 நாள் கணக்கு உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு நாள் ஏற்கனவே போய்விட்டது. ஆனால் மேல் மாகாணத்தில் நிர்வாகம் சிங்களத்தில் நடந்தாலும், அரச அலுவலரிடமிருந்து தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்பாடல் பெறவும் தமிழிலேயே பதில் எழுதவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. “தமிழ்ப் பிரதி ஒன்று தரவும்” என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அது வரும்வரை வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த அரச கடிதத்தையும் அரைகுறையாக வாசித்துச் சொல்பவரை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். இம்முறை அதுதான் உங்களை நான்கு நாள் வேறு திசையில் இழுத்துப் போயிருக்கிறது.

முன்னறிவிப்பின்றி வந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி, உணவு தயாரிக்கும், விற்கும் இடத்துக்குள் நியாயமான நேரத்தில் நுழைந்து பரிசோதிக்க அதிகாரமளிக்கப்பட்ட அலுவலருக்கு நீதிமன்றத் தேடுதல் ஆணை தேவையில்லை. முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. சொல்லிவிட்டு வந்தால் பரிசோதனைக்கு அர்த்தம் இருக்காது. மறிப்பது தனிக் குற்றம். நீங்கள் கேட்கக்கூடியவை: அவரது அலுவலக அடையாள அட்டை, கண்டவற்றின் எழுத்துக் குறிப்பு, திரும்ப வரும் நாள். இவற்றை மரியாதையாகக் கேட்டால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

கானுக்குள் போவது யாருடைய தண்ணீர்?

உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம், ஆனாலும் சொல்ல வேண்டும்: கடை முன் கானின் நாற்றத்தில் உங்கள் அடுக்களைக்கும் பங்கு இருக்கிறது.

கொழும்பில் நிலத்தடியில் இரண்டு வலையமைப்புகள் இருக்கின்றன. ஒன்று மலசலகூட, அடுக்களைக் கழிவுநீரைக் கொண்டுபோகும் குழாய். அது நீரேற்று நிலையங்களைக் கடந்து வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் வெளியேற்றுக் குழாய்களுக்குப் போகிறது. மற்றது வீதியோரத்து மழைநீர்க் கான். அது கால்வாய்க்கோ நேரே கடற்கரைக்கோ போகும். மழைநீருக்காகக் கட்டிய கானில் மழை இல்லாத நாளில் தண்ணீர் நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் யாரோ ஒருவரின் அடுக்களையிலிருந்து வந்த தண்ணீர். பழைய ஒழுங்கைக் கட்டடங்கள் பலவற்றில் முன்பு வீடாக இருந்தபோது போட்ட கழுவும் தொட்டிக் குழாய், கடை வந்த பிறகும் கானுக்குள்ளேயே திறந்திருக்கும். வீட்டின் நான்கு தட்டுக் கழுவிய தண்ணீரைத் தாங்கிய கான், 120 பார்சலுக்குச் சமைத்த தாச்சிகளைக் கழுவும் தண்ணீரைத் தாங்காது.

சோதிப்பது எளிது. இரவு கடை மூடிய பின், கானில் ஓட்டம் அடங்கியிருக்கும்போது, துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கழுவும் தொட்டியில் ஊற்றுங்கள். பின்னால் இன்னும் இரண்டு வாளி வெறுந்தண்ணீர் ஊற்றுங்கள். ஒருவர் கானருகே கால் மணி நேரம் நிற்கட்டும். நீலம் அங்கே தெரிந்தால் பி.எச்.ஐ. எழுதியது சரி. தெரியாவிட்டால் கட்டடத்துப் பின்புறத்தில் கழிவுநீர்க் குழியின் மூடி எங்கே என்று தேடித் திறந்து, அதற்குள் நீலம் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால் அதைப் படமெடுத்து, இரண்டாம் குறை தவறு என்று ஆதாரத்தோடு எழுதலாம்.

கானில்தான் நீலம் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். திருத்துவதற்குப் புதிய இணைப்பு தேவைப்படாமலும் போகலாம். கட்டடத்தின் மலசலகூடம் ஏற்கனவே கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருந்தால், அடுக்களைத் தண்ணீரைக் கிரீஸ் ட்ராப் வழியாகவிட்டு அதே குழிக்குக் கொண்டுபோகலாம். 100 மில்லிமீற்றர் குழாய்க்கு 40 க்கு 1 என்ற சரிவு வேண்டும்: நான்கு மீற்றர் ஓட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் இறக்கம். உங்கள் ஒழுங்கை கடற்பக்கம் இறங்குவதால் குழி கடையின் மேட்டுப்பக்கம் இருந்தால் இந்தச் சரிவு கிடைக்காது. அப்போது கழுவும் தொட்டியின் இடத்தையே மாற்ற வேண்டிவரும். நிலத்தைத் தோண்ட முன் இதை அளந்து பாருங்கள். வேலையைத் தொடங்க முன் மாநகர சபையின் வடிகாலமைப்புப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம். புதிய இணைப்பானால் விண்ணப்பம் கட்டட உரிமையாளரின் பெயரில்தான் போகும்.

செலவு யாருக்கு? லைசன்ஸ் உங்கள் பெயரில் இருப்பதால் அறிவித்தல் உங்களுக்கு வந்தது. ஆனால் நிலத்துக்குள் போகும் குழாய் கட்டடத்தோடு நிலைக்கும் வேலை. வாடகை ஒப்பந்தத்தில் ‘கட்டமைப்புத் திருத்தம்’ யாருடையது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் அறிவித்தலின் பிரதியோடு வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். குழாய் அவர் செலவு, கிரீஸ் ட்ராப் உங்கள் செலவு என்று முடித்துக்கொள்வது இரு பக்கமும் ஏற்கக்கூடிய இடம் என்பது என் எண்ணம். வாடகையில் கழிப்பதானால் அவர் எழுத்தில் சம்மதித்த பிறகு மட்டும் கழியுங்கள்.

கிரீஸ் ட்ராப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்கி வைத்தும் பயனில்லாமல் போகிற சாமான் அது. சூடான கழுவுநீரில் கலந்து வரும் எண்ணெய், பெட்டிக்குள் ஆறி மேலே மிதக்கும். சோறும் பருப்பும் அடியில் தங்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேறும். இதற்குத் தண்ணீர் பெட்டிக்குள் சிறிது நேரம் நிற்க வேண்டும். 45 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 25 ஆழமுள்ள தொட்டி நிரம்பினால் 45 லீற்றர் பிடிக்கும். அதன் அடைப்பை எடுத்தவுடன் அத்தனையும் ஒன்றாகப் பாயும். 20 லீற்றர் பெட்டி வைத்தால் எண்ணெயும் சேர்ந்தே வெளியே போய்விடும். இரண்டு தொட்டி வைத்திருக்கும் நீங்கள் 100 லீற்றருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். வெளியேறும் குழாயின் வாய் எண்ணெய்ப் படைக்குக் கீழே, தண்ணீர் ஆழத்தில் பாதிக்கும் கீழாக இறங்கியிருக்க வேண்டும். வாங்கும்போதே மூடியைத் திறந்து இதைப் பாருங்கள்.

பராமரிப்பில் ஒரே விதி: மேலே மிதக்கும் எண்ணெயும் அடியில் தங்கியதும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் கால்வாசிக்கு வந்தால் அள்ள வேண்டும். 40 சென்ரிமீற்றர் ஆழமென்றால் 10. உங்கள் அளவு வியாபாரத்துக்கு வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அள்ளியதைக் கானில் ஊற்றாமல், மரத்தூளிலோ பழைய கடதாசியிலோ ஊறவைத்துக் கட்டிக் குப்பையோடு சேருங்கள். கொதிநீரோ கோஸ்டிக் சோடாவோ ஊற்றி ‘கழுவி விடுவது’ பலர் செய்யும் பிழை. அது எண்ணெயைக் கரைத்துக் குழாயின் தூரத்து வளைவுக்கு அனுப்புகிறது, அங்கே ஆறி ஒட்டுகிறது.

தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில்தான் உறையும், கொழும்பு வெக்கையில் அது கானில் எப்படி அடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய் உறைந்துதான் அடைக்க வேண்டும் என்றில்லை. அது சிதைந்து வரும் கொழுப்பமிலம் சீமெந்தின் கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற வெள்ளைக் கட்டியாகிறது. அதில் சோறும் மாவும் ஒட்டி இறுகும். கானைத் துப்புரவு செய்பவர்கள் அலவாங்கால் குத்தி எடுக்கும் கட்டி அதுதான். ஆகவே தட்டையும் தாச்சியையும் தண்ணீர் படுமுன் வழித்துக் குப்பையில் போடுவதும், தொட்டி வாயில் வடிதட்டு வைப்பதும், எந்தப் பெட்டியையும்விடப் பெரிய வேலை செய்யும். பொரித்த எண்ணெயை டின்னில் சேர்த்து வையுங்கள். வாங்க வருபவர் திரும்பச் சமையலுக்கு விற்கிறவராக இருந்தால் கொடுக்காதீர்கள். எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மற்ற மூன்று குறைகள்

இவை ஒரு வாரத்துக்குள் முடியும். கால்மிதி மூடியுள்ள வாளிகள் மூன்று வாங்குங்கள்: உணவுக் கழிவுக்கு ஒன்று, கடதாசிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. உணவு வாளியை ஒவ்வோர் இரவும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். வீட்டு ஈ, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் காலநிலையில் பத்து நாள் வரைதான் எடுக்கும். இரண்டு நாள் கழுவாத வாளி அடுத்த வார ஈக்கூட்டம்.

சிரட்டையும் டின்னும் சின்ன விடயமாகத் தோன்றும். ஆனால் நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் என்று தனிச்சட்டமே இருக்கிறது. டெங்கு காலத்தில் ஐந்து குறைகளில் இதற்குத்தான் முதலில் வழக்குப் போவார்கள். டெங்கு நுளம்பு பாத்திரத்தின் உட்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கொட்டினால் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை. சிரட்டையைச் சாக்கில் கட்டிக் கூரைக்குக் கீழே வையுங்கள். கரி சுடுகிறவர்கள் வாங்குவார்கள்.

சான்றிதழ் இல்லாத இருவரையும் உங்கள் பகுதிச் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்கு அனுப்புங்கள். சான்று கையில் வரும்வரை அவர்கள் உணவைத் தொட வேண்டாம். காசுமேசையிலோ பார்சல் கொண்டுபோகும் வேலையிலோ வையுங்கள். இந்த மாற்றத்தையும் பதிலில் எழுதுங்கள், பொறுப்போடு நடந்தீர்கள் என்பதற்கு அது சான்று.

திரும்ப வருபவர் எழுதிய ஐந்தை மட்டும் பார்க்க மாட்டார். சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 இலிருந்து தடை. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும், ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, ஸ்ட்ரோவும் 2023 ஒக்டோபர் 1 இலிருந்து தடை. இடியப்பம் விற்கிறவர் நீங்கள், மூங்கில் தட்டாக இருக்கிறதா என்று இன்றே அடுக்களையைப் பாருங்கள். மதியத்துக்கு முன் கட்டி வைக்கும் பார்சல்களும் கவனத்துக்குரியவை. சூடானது 60 பாகைக்கு மேலோ குளிரானது 5 பாகைக்குக் கீழோ இல்லாமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தேங்காய்ச் சம்பல் அதற்கு முன்பே பழுதாகும்.

பதில் கடிதம் எப்படி இருக்க வேண்டும்

சுருக்கமாக, இலக்கமிட்டு, கோபமின்றி. இந்த வாசகத்தை உங்கள் திகதிகளோடு பாவிக்கலாம்:

“மேற்படி அறிவித்தலின் 1, 4, 5 ஆம் குறைகள் தொடர்பில் எடுத்த நடவடிக்கைகளும் படங்களும் இத்துடன் உள்ளன. 3 ஆம் குறைக்குரிய கிரீஸ் ட்ராப் வாங்கப்பட்டுள்ளது, பற்றுச்சீட்டின் பிரதி இணைப்பு. 2 ஆம் குறை கட்டடத்தின் நிலத்தடிக் குழாய் சம்பந்தப்பட்டது, உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இணைப்பு. அவ்வேலை முடிய மேலும் 30 நாள் அவகாசம் தந்து, மீள்பரிசோதனைக்கான நாளை அறியத் தருமாறு வேண்டுகிறேன்.”

இதைச் சுகாதார மருத்துவ அதிகாரிக்கு முகவரியிட்டு, 14 ஆம் நாளுக்கு முன் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அவகாசம் தருவது அவர்கள் விருப்பம். ஆனால் ஐந்தில் நான்கைச் செய்துவிட்டு ஐந்தாவதுக்கு நாள் கேட்பவரையும், ஒன்றும் செய்யாமல் வாதாடுபவரையும் நீதவான் ஒரே கண்ணால் பார்க்க மாட்டார். வழக்கு வந்துவிட்டாலும் இதே கோப்பு தண்டத்தைக் குறைக்க உதவும். “குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் அன்றே முடியும்” என்று நீதிமன்ற வாசலில் சொல்வார்கள். முடியும் என்பது உண்மை. அது உங்கள் பெயரில் ஒரு குற்றத்தீர்ப்பாக நிற்கும் என்பதும் உண்மை. அழைப்பாணை வந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி குறைவென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இனி, சுவரோரக் குப்பை

வீதிகளைக் கூட்டுவதும் வீட்டுக் குப்பையை உரிய காலத்தில் அகற்றுவதும் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 ஆம் பிரிவுப்படி சபையின் கடமை. இதை நீங்கள் தைரியமாக மேற்கோள் காட்டலாம். ஆனால் அதே பிரிவில் ‘நியாயமாக இயன்ற அளவுக்கு’ என்ற சொற்களும் இருக்கின்றன. நட்டஈடு கேட்டுச் சபைமீது வழக்குப் போடும் எண்ணம் பெரும்பாலும் அந்தச் சொற்களில்தான் இடறும். ஒரு மாத எழுத்து முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். வழக்குச் செலவில் நான்கு கிரீஸ் ட்ராப் வாங்கலாம். அதை நான் பரிந்துரைக்கவில்லை.

சோலைவரி பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதிக்கு விதிக்கப்படும் வரி, குப்பை அள்ளும் கூலி அன்று. வீட்டுக் குப்பையும் வியாபாரக் குப்பையும் ஒன்றல்ல, வியாபாரக் கழிவுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது அநியாயம் ஆகாது. ஆகவே “வரி கட்டுகிறோம்” என்ற வாதத்தை முன்னால் வைக்காதீர்கள். “பொது ஒழுங்கையில் பிறர் போடும் குப்பை” என்பதை முன்னால் வையுங்கள்.

பைகள் ஏன் உங்கள் சுவருக்கு வருகின்றன என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: அவை எல்லாம் கலந்த பைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2016 நவம்பர் 1 இலிருந்து குப்பையைத் தரம்பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். 2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, எதையும் கலந்து கொட்ட நகரத்துக்கு இடமே இல்லாமல் போனது. பிரிக்காத பையை லொறி எடுக்காமல் விடும், விட்ட பை இரவில் இருட்டான சுவரைத் தேடி வரும். உங்கள் பக்கச் சுவரில் விளக்கு இல்லை. முதலில் ஒரு விளக்குப் போடுங்கள்.

பிறகு 14 நாள், ஒவ்வொரு காலையும் ஒரே இடத்தில் நின்று, திகதியோடு படம் எடுங்கள். பைக்குள் கையை விட்டுப் பெயர் தேடாதீர்கள். யாருடைய முகத்தையும் பேஸ்புக்கில் போடாதீர்கள், அதனால் உங்கள்மீதே முறைப்பாடு வரும். தொடர்மாடியானால் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் அதற்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்க வேண்டும். குப்பை பற்றிய முதல் முறைப்பாடு அவர்களுக்கே போகட்டும், குற்றம் சாட்டும் தொனியில் வேண்டாம். “எங்கள் இரு வாசலுக்கும் நடுவே இப்படி நடக்கிறது, உங்கள் காவலாளிக்கும் குடியிருப்பாளருக்கும் அறிவிக்கவும்” என்று எழுதுங்கள். பத்து நாளில் மாற்றம் இல்லாவிட்டால் மாநகர சபையின் உங்கள் மாவட்டப் பிரிவு அலுவலகத்துக்கும் வெள்ளவத்தைப் பொலிஸுக்கும் படங்களோடு முறைப்பாடு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு இருக்கிறார். அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒழுங்கையில் இன்னும் நான்கு கடைக்காரர் கையெழுத்திட்டால் கடிதத்தின் எடை வேறு.

எல்லாம் செய்தும் நகராவிட்டால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். நட்டஈட்டு வழக்கைவிட இது விரைவானது, செலவு குறைந்தது.

உங்கள் ஒழுங்கையில் லொறி வரவேண்டிய நாட்களும் நேரமும் எவை, கான் கடைசியாகத் தூர்வாரப்பட்டது எப்போது என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே கேளுங்கள். சபையின் தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. இந்தப் பதில் கையில் இருந்தால், “லொறி வருவதில்லை” என்று பொதுவாகச் சொல்லும் நிலை மாறி, எந்த நாள் வரவில்லை என்று காட்ட முடியும்.

முறைப்பாடு போகுமுன் ஒன்று: நடைபாதையில் நீங்கள் போட்டிருக்கும் இரண்டு மேசைகளையும் போத்தல் பெட்டிகளையும் உள்ளே எடுங்கள். பொது இடத்தைப் பற்றி எழுதுகிறவரின் பொருட்கள் பொது இடத்தில் இருக்கக்கூடாது.

15,000 கேட்பவர்

கொடுக்க வேண்டாம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. நீங்கள் எழுதியபடி அவர் அலுவலகத்தவரும் அல்லர். உங்கள் காசு எங்கும் போய்ச் சேராமல், ஐந்து குறையும் அப்படியே இருக்க, 14 ஆம் நாள் தாண்டிவிடும் வாய்ப்பே அதிகம். தொலைபேசியில் வற்புறுத்தினால் செய்திகளை அழிக்காமல் வைத்து, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

லைசன்ஸ் பயம்

இந்தப் பயம் உங்களைப் போன்ற பலரை வாய்மூட வைத்திருக்கிறது. முறைப்பாடு செய்தார் என்பது புதுப்பிக்க மறுப்பதற்குச் சட்டத்தில் காரணமே அல்ல. திருத்தாத சுகாதாரக் குறை நல்ல காரணம். அதனால்தான் அறிவித்தலை முதலில் முடிக்கச் சொல்கிறேன். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கடைசி வாரம்வரை வைக்காதீர்கள், கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணமற்ற மறுப்பை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டு எதிர்க்கலாம். சமத்துவத்தையும் தொழில் செய்யும் உரிமையையும் மீறியதாக உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். அதற்கு ஒரு மாத வரம்பு உண்டு, அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் வரம்பில் சேராது. இவை பணமும் நாளும் தின்னும் வழிகள். மேலே சொன்ன கோப்பு ஒழுங்காக இருந்தால் உங்களுக்கு அவை தேவைப்படாது என்றே நம்புகிறேன்.

இந்தப் பதில் உங்களுக்குக் கிடைக்கும்போது எட்டு நாள் அளவில் எஞ்சியிருக்கும். நீலம் ஊற்றிப் பார்ப்பதை இன்றிரவே செய்யுங்கள். நாளை காலை இருவரையும் சான்றிதழுக்கு அனுப்பி, வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால் போடுங்கள். மூன்றாம் நாளுக்குள் வாளி, சிரட்டை, கிரீஸ் ட்ராப். ஆறாம் நாள் பதில் கடிதத்தோடு சுகாதாரப் பணிமனைக்குப் போங்கள், காலையிலேயே, இரண்டு பிரதியோடு. முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள்.